செவ்வாய்க்கிழமை எலிகள்

எனக்கு முதல் முறை அது வந்தது தில்லி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வின் நடுவில். வினாத்தாளின் ஒரு மூலையில் எழுத்துகள் காணாமல் போயின. அந்த இடத்தில் உடைந்த கண்ணாடியின் ஓரம் போல ஏதோ மினுமினுத்தது. அது வளைந்து வளைந்து பெரிதாகி, கால் மணி நேரத்தில் பார்வையின் விளிம்பு வரை போய் மறைந்தது. பிறகு பாதித் தலையில் வலி ஆரம்பித்தது. டீச்சர் பரீட்சை பயம் என்றார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அப்பா, "கண்ணு கெட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டேன். வலி தன் பாட்டுக்கு வந்து போனது. நாளடைவில் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன். வெளியே தெரியாத ஒன்றை எத்தனை தடவை சொல்வது?

பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. இப்போது பதினாறு வருடங்களாக ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்குக் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனி, தண்ணீர் வைப்பது. இவை தவிர இன்னொரு வேலையும் உண்டு. சோதனைக்குப் போகிற எலியை அதற்கு முந்தின ஒரு வாரம் தினமும் ஐந்து நிமிடம் கையில் வைத்திருக்க வேண்டும். மனிதக் கைக்குப் பழகாத எலி பயத்தில் விறைத்துப்போகும், அளவுகள் சரியாக வராது என்பார்கள். என் கையில் எலிகள் சீக்கிரம் அடங்கிவிடும். அந்த ஐந்து நிமிடமும் அவற்றிடம் தாழ்ந்த குரலில் பேசுவேன். வீட்டில் அவ்வளவு பேச வாய்ப்பில்லை. துவாரகாவில் தம்பியின் ஃப்ளாட்டில் பின்பக்க அறை என்னுடையது. தம்பிக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. அவன் பிள்ளைகளிடம் தமிழில் ஏதாவது கேட்டால், "க்யா, புவா?", என்ன அத்தை, என்று காதிலிருந்து இயர்போனை எடுப்பார்கள். நான் ஒன்றுமில்லை என்பேன். திரும்ப மாட்டிக்கொள்வார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் எலியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன இன்னைக்கு இவ்ளோ உடம்பு உதறுது, குளிருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"யக்கா, நீங்க தமிழா?"

எலியைக் கீழே போட்டிருப்பேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டாக்டர் பட்டத்துக்காக வந்திருந்த பெண். முப்பதை நெருங்கும் வயது. தலைவலி பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஆமாம் மேடம் என்றேன்.

"என்னத்த மேடம்? இந்த ஊர்ல எனக்கு அக்கான்னு கூப்பிட ஒரு ஆளு கெடச்சிருக்கீங்க. அதக் கெடுக்காதீங்க."

அன்றிலிருந்து மதியம் ஒரு மணிக்கு, மருந்துக் குளிர்பெட்டிகள் இருக்கும் சின்ன அறையில், நானும் அவளும் சேர்ந்து சாப்பிட்டோம். அவளுடைய ஹாஸ்டல் ரொட்டியை நான் எடுத்துக்கொள்வேன். என் புளிச்சாதத்தை அவள் எடுத்துக்கொள்வாள். பெரும்பாலும் அவள்தான் பேசுவாள். எனக்கு அது போதும். காலையில் மெட்ரோவில் நிற்கும்போதே அந்த ஒரு மணியை நினைத்துக்கொள்வேன்.

என் தலைவலியைப் பற்றி அவளிடம் மட்டும் சொன்னேன். மினுமினுப்பு, வளைவு, கால் மணி நேரம் எல்லாவற்றையும். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"வாங்கக்கா, ஒண்ணு காட்டுதேன்."

அவளுடைய சோதனை அறையில் அன்று ஓர் எலி மயக்கத்தில் இருந்தது. மண்டையோட்டை உள்ளே ரத்தக் குழாய்கள் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்திருந்தார்கள். மேலிருந்து சிவப்பு லேசர் ஒளி விழுந்தது. அதன் மேல் ஒரு கேமரா. அந்த ஒளி மூளையில் பட்டு மணல் தூவியது போலப் பொடிப்பொடியாகத் தெரியுமாம். ரத்தம் ஓடும் இடத்தில் அந்தப் பொடிகள் கலங்கும். எவ்வளவு கலங்குகிறது என்பதை வைத்து, எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே மெதுவாக ஓடுகிறது என்று கம்ப்யூட்டர் வண்ணம் போட்டுக் காட்டும். திரையில் கிளைகிளையாக ரத்தக் குழாய்கள் இருந்தன. ஓரத்தில் அவள் ஒரு சொட்டு உப்புக் கரைசலை விட்டாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த மூலையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டை கிளம்பி, மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது. அது கடந்துபோன இடமெல்லாம் நீலமாக மங்கியது.

"இந்த அலைதான்க்கா. உங்க தலைக்குள்ளயும் இதேதான் ஊர்ந்து போகுது. அதத்தான் நீங்க கண்ணாடி ஒடஞ்ச மாதிரி பாக்குறீங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தாம் வகுப்பிலிருந்து தனியாகச் சுமந்த ஒன்றுக்கு உருவமும் நிறமும் இருந்தன. இன்னொருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அச்சா" என்று மட்டும் சொன்னேன்.

இந்த வருடம் அவள் ஒரு மருந்தைச் சோதிக்கத் தொடங்கினாள். சில எலிகளுக்கு மருந்து, சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். பிறகு கரைசலில் உப்பைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் அலை கிளம்புகிறது என்று பார்ப்பாள். மருந்து வேலை செய்தால் அலை லேசில் கிளம்பாது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் சோதனை. சோதனைக்குப் போன எலி உயிரோடு திரும்பாது. முந்தின நாள் மாலை அந்த எலிகளின் தீனியை எடுத்துவிட வேண்டும். எடுப்பது நான்தான்.

எங்கள் மூத்த டெக்னீஷியன் ஹரியானாக்காரர். ஒவ்வொரு செவ்வாயும் வரும் வழியில் அனுமார் கோயிலில் நின்று, பூந்தி பிரசாதத்தைக் காகிதப் பையில் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒரு கை போடுவார். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சாமி பிரசாதம். எனக்கு அவ்வளவு இனிப்பு ஆகாது. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எலி அறைக்குப் போவேன். தீனியில்லாத கூண்டுகளில் எலிகள் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கும். பட்டினி கிடந்தால் எனக்குத் தலைவலி நிச்சயம். தலைவலிக்காகவே கொண்டுபோகிற ஒரு பிராணியை அதற்கு முன்னால் பட்டினியும் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று பூந்தி, நான்கு பூந்தி. முன்னங்கால்கள் இரண்டிலும் பிடித்துக்கொண்டு, உருட்டி உருட்டித் தின்னும். பிரசாதம்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் ஒவ்வொரு செவ்வாயும் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, வெள்ளிக்கெழம எலியெல்லாம் ஒழுங்கா இருக்கு. செவ்வாய்க்கெழம எலி மட்டும் மருந்து குடுத்தாலும் ஒண்ணுதான், தண்ணி குடுத்தாலும் ஒண்ணுதான். அலை வரவே மாட்டேங்குது. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல."

வாசலில் நின்றிருந்த டெக்னீஷியன் விஷயத்தை ஹிந்தியில் கேட்டுக்கொண்டு சிரித்தார். "மங்கள்வார் கா சூஹா ஹை, மேடம். பஜ்ரங்பலி கா பக்த்!" செவ்வாய்க்கிழமை எலிக்கு அனுமார் காவல் என்றார்.

அவளும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். அவளுடைய புரொஃபசர் கரைசல் தயாரிப்பதில் அவளுக்குக் கவனமில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். இன்னும் ஒரு மாதத்தில் இது தெளியாவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவாராம். அப்படியானால் மூன்று வருடம் வீண்.

"எலி அறையில எதுவும் மாறலையே? யாரும் எதுவும் குடுக்கலையேக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அது பொய் என்று ஆட்டும்போதே எனக்குத் தெரியும். ஆனால் பூந்தியைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வேலை போகலாம். அதைவிட, ஒரு மணிக்கு என் எதிரில் உட்கார யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு வாரம் அப்படியே கழிந்தது. அந்தச் செவ்வாய் பூந்தியைக் குப்பைக் கூடையில் போட்டேன். எலிகள் பசியோடு போயின. மாலையில் அவள், "இன்னைக்கு மட்டும் எல்லாம் வெள்ளிக்கெழம மாதிரி வந்திருக்கு, இன்னும் கொழப்பமா இருக்கு" என்று சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். ஒரே கரைசலை மூன்று முறை அளந்து மூன்று முறையும் கொட்டுவதைப் பார்த்தேன். அதைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

மறுநாள் மதியம் சொன்னேன்.

"நான் குடுத்தேன்ம்மா."

"என்னத்த?"

"பூந்தி. எலிங்களுக்கு. பசிச்சா தலைவலி வருமேன்னு..."

முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

"எத்தன தடவ?"

"எல்லா செவ்வாயும். நேத்து மட்டும் இல்ல."

"போன வாரம் கேட்டேன்லா?"

"கேட்டீங்க."

"தலைய ஆட்டுனீங்களே."

"ஆமா."

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அந்த அலை சுலபத்தில் கிளம்பாது என்றாள். அதற்காகத்தான் எல்லா எலியையும் ஒரே மாதிரிப் பட்டினி போடுவதாம். கத்தவில்லை. மிகப் பொறுமையாக, புதிதாகச் சேர்ந்த ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு என் புளிச்சாதம் பாதி இருந்த தன் டப்பாவை மூடினாள்.

"ஒரு எலி எனக்காகச் செத்தா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும்க்கா. இப்ப அத்தனையும் சும்மா செத்திருக்கு."

எழுந்து போய்விட்டாள்.

புரொஃபசரிடம் செவ்வாய்க்கிழமைகளில் தீனி சரியாக எடுக்கப்படவில்லை என்று மட்டும் சொன்னாளாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் மீதிருந்த பழி நீங்கியது. செவ்வாய்க்கிழமை எலிகள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. பட்டினியில் இருக்கும் விலங்குக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள் எலி அறைக் கதவில் ஒட்டப்பட்டது. அதை ஒட்டியதும் நான்தான். டெக்னீஷியன் இப்போதும் பூந்தி கொண்டுவருகிறார். வாங்கியதும் அவர் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொள்கிறேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்தால் சிரிக்கிறாள். வேலையைச் சொல்கிறாள். ஆனால் எல்லாம் ஹிந்தியில், மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே. மதியம் லைப்ரரிக்குப் போய்விடுகிறாள். டெக்னீஷியன் இதைக் கவனித்துவிட்டு என்னிடம், "க்யா ஹுவா? மதராசி-மதராசி மே ஜக்டா?" என்று கேட்டார். சண்டையெல்லாம் இல்லை என்றேன். உண்மைதான், சண்டை போடவில்லை.

விலக்கப்பட்டவற்றுக்கு ஈடாக ஆறு எலிகள் புதிதாகத் தேவைப்பட்டன. ஒரு வாரம் வழக்கம்போல ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்தேன். இந்த முறை ஒன்றும் பேசவில்லை. நான் பழைய வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த ஆறும் இங்கே வந்திருக்கவே வேண்டாம். அவற்றின் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது?

திங்கட்கிழமை மாலை தீனியை எடுத்தேன். மறுநாள் காலை அவை கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தன. சோதனை அறை வாசலில் அவள் கையுறையோடு காத்திருந்தாள். கூண்டுகளை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தீதி, குச் கிலாயா தோ நஹி?" என்று கேட்டாள். அக்கா, தின்ன ஏதும் கொடுக்கவில்லையே?

"நஹி" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சின்ன ஊசியால் ஒவ்வோர் எலியின் வாலிலும் குத்தி, ஒரு துளி ரத்தம் எடுத்து, சர்க்கரை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள். ஆறையும் பார்த்தாள். அது முடியும்வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.