எட்டு மணி நேரம் என்பது சரியான விடை

பன்னாட்டு உறவுகள் எம்.ஏ. படிப்பவர்களுக்குக் கள அனுபவம் வேண்டும் என்று துறையில் எங்களை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் திருப்பூர். இன்று நல்லூரில் ஒரு பனியன் கம்பெனி; முப்பது பேரிடம் வேலை நேரம், குறைகள் பற்றிக் கேட்டுக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும்.

"கேளுங்க கண்ணு, எல்லாரும் நல்லாவே சொல்லுவாங்க" என்றார் சூப்பர்வைசர்.

சொன்னார்கள். ஓவர்லாக் மிஷினில் தைக்கும் செல்வி அக்கா, தென்காசிப் பக்கத்துக்காரர், நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னார். வேலை எட்டு மணி நேரம்தான். குறை ஒன்றும் இல்லை.

மாலையில் பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

"இன்னைக்குத்தான் சீக்கிரம் விட்டாங்க. நேத்து காலையில எட்டரைக்கு உக்காந்தவ, ராத்திரி எட்டரைக்குத்தான் எந்திரிச்சேன்."

"எட்டு மணி நேரம்னு சொன்னீங்களே அக்கா?"

"பனியன் வாங்குற வெளிநாட்டுக்காரங்க வந்து கேட்டா அதுதான் சரியான விடைன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. நீயும் படிப்புக்குத்தான வந்திருக்க? தப்பா சொன்னா உனக்கு மார்க் கொறஞ்சிரும்லா."

உண்மையைத்தான் எழுத வேண்டும் என்றேன்.

"எழுதுனா எனக்கு வேலை போயிரும். பரவாயில்லையா?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இறங்கும்போது, "ரிசல்ட் வந்தா சொல்லு" என்றார்.

முப்பது தாள்கள் என் மடியில் இருக்கின்றன. முப்பதிலும் எட்டு மணி நேரம் என்றே இருக்கிறது, என் கையெழுத்தில். இதில் பாஸ் ஆனது யார் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.