மூன்றாம் மாடிக் கயிறு

அடுத்தவர் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு நம் முழங்காலைத் தேய்ப்பதுதான் வீட்டுத் தரகு. ரங்கூன் என்ற இந்த யாங்கோனில் ஆறு மாடிக் கட்டடத்திலும் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. வீடு காட்டியோ, வீடு தேடியோ இந்தப் படிகளில் மூச்சு வாங்கியவர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே தாமுவே பகுதியில் முப்பது வருடம் ஏறி இறங்கியதில் ஒரு குடும்பம் மட்டும் மனதிலேயே குடியிருக்கிறது.

முழங்கால்

கோபால் இங்கே ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். ஒன்பது வயதில் பெற்றோருடன் இங்கிலாந்து போய், அங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பென்ஷன் அந்த ஊர்க் குளிரில் வீட்டைச் சூடாக்கவே சரியாகப் போனது. மகள் செல்விக்குக் குளிர்காலம் முழுக்க மூச்சிரைப்பு. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மனசு மட்டும் ஆறேழு வயதோடு நின்றுவிட்டது. வெயிலும் சிக்கனமும் உள்ள ஊர் என்று பிறந்த ஊருக்கே எல்லோரையும் அழைத்து வந்துவிட்டார்.

மனைவி சரோஜா தஞ்சாவூர்ப் பக்கம். ரங்கூனை அதுவரை பார்த்ததில்லை. மழைக்காலம் முடியும்வரை இருந்து பார்ப்பது என்று பேச்சு. திரும்பும் டிக்கெட் அவர் கைப்பையில் இருந்தது. "வீடு எப்படி இருந்தாலும் பரவால்லண்ணே. எங்களுக்கப்புறம் இவ கூப்பிட்டா 'என்னம்மா'ன்னு கேக்க ஆளிருக்கணும்" என்றார்.

ஐந்தாம் மாடியில் ஒரு வீடு காட்டினேன். "நான் இந்த மண்ணுல பொறந்தவன்" என்று முன்னால் ஏறிய கோபால் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். செல்வி அவரைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே மேலே ஓடினாள். சரோஜா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவர் வந்து சேந்துட்டாருண்ணே, இவரு முழங்காலு இன்னும் வந்து சேரல."

அறுத்த கயிறு

உட்கார்ந்த இடத்திலேயே வீடு அமைந்தது. அந்த மூன்றாம் மாடியில் ஒன்று காலியாக இருந்தது. குடிபோன பத்தாம் நாள் சரோஜா போன் செய்தார். "பேப்பர் போடறவன்கூட வரலண்ணே. எதிர்ல பாத்தா சிரிக்கிறாங்க, வாசலுக்கு ஒருத்தர் வரல. இதுக்கு அந்தக் குளிரே தேவலாம்."

அடுத்த சந்துதான் என் வீடு. போய்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எல்லா பால்கனியிலிருந்தும் கயிறு தொங்கியது, இவர்கள் வீட்டில் மட்டும் இல்லை. இந்த ஊரில் மாடி வீட்டுக்கு அதுதான் வாசல். கீழே நின்று இழுத்தால் மேலே மணியடிக்கும். பேப்பரோ கீரையோ நுனியில் உள்ள கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். கோபால் வளர்ந்த குடியிருப்புக்கு மாடியே கிடையாது. ஏதோ பழைய கொடிக்கயிறு அழுக்காகத் தொங்குகிறதென்று வந்த அன்றே அறுத்துப் போட்டிருக்கிறார்!

அந்த பால்கனிக்கு நேர்கீழே காய்கறி விற்கும் அம்மாள் டோ மியா. விசாரித்ததும் பர்மியப் பேச்சில், மரியாதைக்கு என் பெயருக்கு முன்னால் 'ஊ' சேர்த்து, என்னையே திருப்பிக் கேட்டார்: "யாரும் வர வேண்டாம்னு கயித்தை அறுத்தவங்க வீட்டுக்கு நாங்க எப்படி ஊ முத்தையா போறது?"

மணி

புதுக் கயிறு வாங்கினேன். மணி வாங்கவில்லை. என் மனைவி இருந்தபோது எங்கள் பால்கனியில் கட்டியிருந்த பித்தளை மணி வீட்டில் சும்மா கிடந்தது. அவள் போன பிறகு கயிற்றை மேலே சுருட்டி வைத்துவிட்டேன். இனி அதை இழுத்துக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு.

அந்த மணியைச் செல்வி கையாலேயே கட்ட வைத்தேன். முதல் நாள் டோ மியா கீழே இழுக்க, மேலே மணியடிக்க, அவள் கைதட்டிக் குதித்தாள். ஒரு முருங்கைக்காய் ஏறியது. பதிலுக்கு அவள் ஒரு பிஸ்கட் இறக்கினாள். பர்மியப் பேச்சு அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு வாரத்தில் தெருவே பர்மிய வழக்கப்படி 'மா' சேர்த்து 'மா செல்வி' என்று கூப்பிட்டது. கோபால் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்: "நாள் பூரா டிங் டிங்! பஸ்ஸுலகூட இத்தனை பெல் நான் கேட்டதில்ல."

சாவி

மழை முடிய இரண்டு வாரம் இருந்தது. கோபாலின் முழங்காலைக் காட்ட இருவரும் ஆஸ்பத்திரி போனார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாமென்று செல்வியை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு, மாற்றுச் சாவிகளை அவளிடம் கொடுத்திருந்தார்கள். பெருமழை பிடித்துத் தெருவெல்லாம் தண்ணீர். நாலு மணி நேரம் ஆகிவிட்டது. பதறிப்போய் என்னையும் போனில் வரச் சொன்னார்கள்.

மூவருமாக ஏறினோம். கதவு திறந்து கிடந்தது. உள்ளே செல்வி கன்னமெல்லாம் இந்த ஊர்ப் பெண்கள் பூசும் 'தனக்கா' மரப்பட்டைக் குழம்பைப் பூசிக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் டோ மியா. இடி இடித்ததும் பயந்து, கயிற்றை உலுக்கி, கேட் சாவியையும் கதவுச் சாவியையும் கிளிப்பில் மாட்டி இறக்கியிருக்கிறாள். இந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான், பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"வீட்டுச் சாவியைத் தெருவுல விடறதா!" என்று கோபால் கத்தினார். சரோஜா அவரைக் கவனிக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து செல்வியின் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம் சொன்னார்: "நாங்க இல்லாதப்போ கூப்பிட்டிருக்கா, வந்திருக்காங்க. வீட்டு ஒப்பந்தத்தை நீட்டிடுங்கண்ணே."

முப்பது வருடத் தரகில் எனக்கென்று மிஞ்சியது, என் பால்கனியிலும் புது மணியோடு மறுபடி தொங்கும் ஒரு கயிறும், டோ மியாவோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை இழுத்துவிட்டுச் சிரிக்கும் செல்வியால் பறிபோன என் மத்தியானத் தூக்கமும்தான்.