வெள்ளிக்கிழமை ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்

அந்தச் சின்னக் கத்தோலிக்கப் பங்கின் சாமியாருக்குக் கடவுள் எல்லாம் கொடுத்திருந்தார், வாய்க்கு ஒரு பிரேக்கை மட்டும் வைக்க மறந்துவிட்டார். மனுஷன் தங்கம், அதில் சந்தேகமே வேண்டாம். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் போதும், சாப்பிட்ட கையைக் கழுவினோமா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஓடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நற்செய்தி வாசித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அன்பார்ந்தவர்களே" என்று ஆரம்பித்தாரோ, தீர்ந்தது கதை. கோவிலில் இருந்தது பன்னிரண்டு பெஞ்சு, வந்தது நாற்பது குடும்பம். அந்த நாற்பது குடும்பத்துக்கும் கடைசி பெஞ்சின் மேல்தான் பக்தி அதிகம்.

ஆனாலும் ஏழு வருடமாக ஜனங்கள் அவரைப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொண்டது என்ன, "நம்ம சாமி நறுக்குன்னு பேசுவாரு" என்று பக்கத்துப் பங்கில் போய்ப் பெருமை வேறு அடித்துக்கொண்டார்கள். நறுக்கியது யார் என்பது சாமியாருக்கும், எதிர்த் தெருவில் சலூன் வைத்திருந்தவருக்கும் மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை சாமியார் வருகிற ஞாயிறின் வாசகத்தைப் படிப்பார். செவ்வாய் யோசிப்பார். புதன் எழுதுவார். வியாழன் அதில் கதைகளைச் சேர்ப்பார். வியாழன்தான் ஆபத்தான நாள். வெள்ளி மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, எழுதியதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாடியைச் சரிசெய்கிற சாக்கில் சலூனில் போய் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இருந்த தாடிக்கு மாதம் ஒரு தடவையே ஜாஸ்தி.

சலூன்காரர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, "ம், ஆரம்பிங்க சாமி" என்பார். சாமியார் எதிரே இருந்த கண்ணாடியையே சபையாகப் பாவித்து முழுப் பிரசங்கத்தையும் சொல்வார். சலூன்காரர் அபிப்பிராயம் சொல்கிற ஆள் இல்லை. அவர் கத்தரிக்கோல் சொல்லும். பேச்சு நன்றாகப் போனால் தாடியில் நிதானமாக நடக்கும். இழுத்தால் தாடியை விட்டுவிட்டு வெறும் காற்றில் சளக் சளக் சளக்கென்று வெட்ட ஆரம்பித்துவிடும்.

"இந்த இடம் வேண்டாங்கிறீங்களா அண்ணே?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே சாமி."

"அப்புறம் எதுக்கு அந்தச் சத்தம்?"

"கத்தரிக்கோல்ல முடி ஒட்டிக்கிச்சு. தட்டி விடுறேன்."

சாமியார் துணிக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்து, பென்சிலால் அந்தப் பத்தியை அடித்துவிடுவார். மூன்று கதை ஒன்றாகும். நாற்பது நிமிடம் பன்னிரண்டு நிமிடமாகும். சில வாரம் சலூன்காரர் போகிறபோக்கில் ஒரு வரி சொல்வார். அந்த வரிதான் ஞாயிறன்று ஜனங்கள் மனதில் நிற்கும். பாராட்டு எல்லாம் சாமியாருக்கு. அவரும் கொஞ்சம் வெட்கப்பட்டு வாங்கிக்கொள்வார், மறுக்கமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து, துணியை உதறிக்கொண்டே சலூன்காரர் தன் கதையைச் சொன்னார். அந்த ஞாயிறுக்கான வாசகம் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகளை இயேசு கூப்பிடுகிற இடம். இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகள். அதைக் கேட்டதும் அவருக்கு மனசு இளகிவிட்டது. அவருக்கும் ஒரு தம்பி உண்டு, எலக்ட்ரீஷியன், நாலு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு. அம்மா தம்பி வீட்டில் இறந்தபோது இவருக்குத் தகவல் தாமதமாக வந்தது. இவர் போய்ச் சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது, ஆறு வருடம்.

"மாசம் ஒரு தடவை நல்ல சட்டையா எடுத்துத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டுக் கெளம்புவேன் சாமி. அவன் தெருமுனை வரைக்கும் போவேன். அங்க ஒரு டீயைக் குடிச்சிட்டுத் திரும்பி வந்துருவேன். வீட்ல கேட்டா, கடைக்குச் சாமான் வாங்கப் போனேன்னு சொல்லுவேன். இது அவளுக்கே தெரியாது."

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே, "அடடா, என்ன ஒரு கதை!" என்று அவர் நாக்கு ஊற ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை உட்கார்ந்து அதைப் பிரசங்கத்தில் சேர்த்துவிட்டார். கேட்க வேண்டிய கத்தரிக்கோலைக் கேட்கவில்லை. ஞாயிறன்று மேடையில் ஏறி, குரலைத் தாழ்த்தி, "நமக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன், தொழிலையும் சொல்லமாட்டேன். கையில் கத்தரிக்கோல் பிடிப்பவர், அவ்வளவுதான் சொல்வேன்" என்றார். மகா ரகசியம்! அந்தப் பங்கில் கத்தரிக்கோல் பிடிப்பவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் தையல்காரர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. நாற்பது குடும்பத்தின் தலையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பியது. தேய்த்த சட்டை, தெருமுனை, டீ, ஒன்றையும் விடவில்லை சாமியார். சலூன்காரரின் மனைவி மெதுவாகத் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த வெள்ளி சாமியார் கடைக்குப் போனார். நாற்காலி காலியாக இருந்தது.

"ஆள் வர்ற நேரம் சாமி" என்றார் சலூன்காரர், முகத்தைத் திருப்பாமல்.

ஞாயிறன்று மூன்றாவது பெஞ்சில் அவர் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பூசைக்கு வந்துவிட்டு ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறவர், இப்போது பூசை நேரத்திலேயே திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் முதலில் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தார். 'அது ஒன்றும் பாவசங்கீர்த்தனத்தில் ரகசியமாகக் கேட்டது இல்லையே, சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதானே. நல்லதுக்குத்தானே சொன்னேன்.' வாதம் பலமாகத்தான் இருந்தது, தூக்கம்தான் வரவில்லை.

இதற்கிடையில் சபையின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அந்த ஞாயிறு வாசகத்தில் இயேசு பேறுபெற்றோர் என்று வாழ்த்துகிறவர்கள் எட்டு வகை. எட்டுக்கும் தலா ஒரு கதை, மேலுக்கு இரண்டு. நறுக்க ஆள் இல்லையே! அதற்கடுத்த ஞாயிறு, நீங்கள் உலகத்துக்கு உப்பு என்கிற வாசகம். ஐம்பது நிமிடம். பூசை முடிந்ததும் பாட்டுக்குழுவை நடத்தும் டீச்சர், கோவிலில் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒரே ஆத்மா, நேராக வந்தார்.

"சாமி, தப்பா நினைக்காதீங்க. உப்பு உப்புன்னு கேட்டுக் கேட்டே எனக்கு பிபி ஏறிடுச்சு."

சாமியார் சிரித்துவைத்தார். உள்ளே சிரிப்பே இல்லை. பிரசங்கம் கெட்டதுகூடப் பரவாயில்லை. பங்கில் எல்லோரும் அவரை மதித்தார்கள், கும்பிட்டார்கள், ஆனால் சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்தான் இருந்தார். அவரைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டார். எப்படியாவது அந்த மனிதர் மறுபடி பேச வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு வந்தது. வாசகத்தைத் தேர்ந்தெடுப்பது சாமியார் கையில் இல்லை, எந்த ஞாயிறுக்கு எது என்று எப்போதோ வகுத்துவைத்தது. அன்றைக்கு என்று பார்த்து வந்த வாசகம்: நீ காணிக்கை கொண்டுவருகிறாய், உன் சகோதரனுக்கு உன்மேல் வருத்தம் இருக்கிறது என்று ஞாபகம் வருகிறது, அப்படியானால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானமாகு, பிறகு வா. சாமியார் அதை வாசித்து முடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். "அன்பார்ந்தவர்களே" என்றார். அதற்குமேல் ஓடவில்லை.

"பாட்டுப் பாடிக்கிட்டு இருங்க. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, பச்சைப் பூசை உடுப்போடு அப்படியே படியிறங்கி, நடுவழியாக நடந்து, வாசலைத் தாண்டிப் போயேவிட்டார். டீச்சர் ஒரு நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு தெரிந்த பாட்டையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டார்.

சலூனில் ஒரு லாரி டிரைவர் முகம் நிறைய நுரையோடு நாற்காலியில் இருந்தார். பெஞ்சில் இன்னும் இரண்டு பேர்.

"அண்ணே, ஒரு நிமிஷம்..."

"உக்காருங்க சாமி. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

பீடத்தை விட்டு வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உடுப்புத் தரையில் புரளாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் மரியாதையாகப் பேப்பரின் பாதியைக் கொடுத்தார். டிரைவர் முடிந்து அடுத்தவர் உட்காருவதற்குள் கோவிலில் பாட்டுத் தீர்ந்துவிட்டது. தையல்காரர் எட்டிப் பார்க்க வந்தார். அவரைத் தேடிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். அவர்களைக் கூப்பிட டீச்சரே வந்தார். கொஞ்ச நேரத்தில் பங்கே தெருவில் நின்றது.

சாமியாரின் முறை வந்தது. நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே கையைக் கூப்பினார்.

"அண்ணே, நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

சலூன்காரர் அவரைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"அன்னிக்கு என் கதையை ஊர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு மன்னிப்பையும் ஊரைக் கூட்டி வச்சுக் கேக்குறீங்க. இதுவும் பிரசங்கம்தானே சாமி?"

சாமியார் வாயைத் திறந்தார்.

"இருங்க, நான் முடிச்சிக்கிறேன். கோவில்ல பாவசங்கீர்த்தனம் கேட்டா உசிரே போனாலும் வெளிய சொல்லமாட்டீங்க. என் நாற்காலியில உக்காந்து கேட்டா மட்டும் சொல்லலாமா? ஏழு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னென்ன சொல்லிப் புலம்பியிருக்கீங்க! நான் ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டிருப்பேனா?" துணியை உதறினார். "போங்க. ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

சாமியார் திரும்பி நடந்தார். கூட்டம் வழிவிட்டது. அவருக்கு அழுகையாக வந்தது, ஆனால் அதைவிட வெட்கம்தான் அதிகம். ஏனென்றால் சலூன்காரருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். சற்று முன் அந்தத் தெருவைக் கடக்கும்போதே, இதை அடுத்த வாரம் எப்படிச் சொல்லலாம் என்று ஒரு வரி மனசுக்குள் தயாராகிவிட்டிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிற வழியிலேயே! அன்று பிரசங்கம் இல்லாமல் பூசையை முடித்தார். ஜனங்களுக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று புரியவில்லை.

மறுநாள் சலூனுக்கு விடுமுறை. சாமியார் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, பெரிய தெருவை விட்டுவிட்டுப் பின்சந்து வழியாகச் சலூன்காரர் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார். நாலு மணிக்கு உள்ளே போனார். ஐந்தரைக்கு இரண்டு பேரும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தையல்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தது அவ்வளவுதான். உள்ளே என்ன பேசினார்கள், பஸ் ஏறி எங்கே போனார்கள், அங்கே யார் கதவைத் திறந்தார்கள், யார் முதலில் அழுதார்கள், எதுவும் இந்தக் கதையில் வராது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்றாவது பெஞ்சில் சலூன்காரர் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு புது ஆள், அதே அகலக் காது, அதே மூக்கு, வயது மட்டும் கொஞ்சம் கம்மி. நாற்பது குடும்பமும் வாசகத்தைக் கேட்கவில்லை, அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வாசகமோ, நமக்கு வேண்டியவனுக்கு மட்டும் வணக்கம் சொல்வதில் என்ன பெருமை என்று கேட்கிற இடம். இப்படி ஒரு வாசகம், எதிரிலேயே இப்படி ஒரு உதாரணம்! எந்தப் பிரசங்கிக்குக் கிடைக்கும்? சபை முழுக்க முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. முதல் தடவையாகக் கடைசி பெஞ்சு காலி.

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கதை தொண்டை வரை வந்துவிட்டது, அவர் நெற்றியில் வேர்த்ததைப் பார்த்தாலே தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டு, வாசகத்தில் இருந்ததை மட்டும் ஒன்பது நிமிடம் விளக்கிவிட்டு இறங்கினார். ஒரு கதை இல்லை, ஒரு உதாரணம் இல்லை. உண்மையைச் சொன்னால், அது அவ்வளவு நல்ல பிரசங்கம்கூட இல்லை.

பூசை முடிந்ததும் டீச்சர் அவரை வாசலில் மடக்கினார்.

"எப்படி சாமி சேந்தாங்க ரெண்டு பேரும்? சும்மா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நானும் சொல்லமாட்டேன் டீச்சர்" என்றார் சாமியார்.