எரிப்பதற்கு ஓர் இந்திப் புத்தகம்

அறுபத்தைந்தில் நாங்கள் கல்லூரி மாணவர்கள் மத்திய அரசை எதிர்த்து ஊர்வலம் போனோம். இனி இந்திதான் ஆட்சிமொழி என்று தில்லி சொல்லியிருந்தது. தபாலாபீஸ் வாசலில் இந்திப் பாடப்புத்தகம் ஒன்றை எரிப்பது திட்டம். கிளம்பும்போதுதான் தெரிந்தது, எங்களில் ஒருவனிடமும் புத்தகம் இல்லை. படிக்கவே மாட்டோம் என்று சபதம் செய்தவர்களிடம் அது எப்படி இருக்கும்?

எங்கள் தலைவன் முசரவாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். மைக் தேவைப்படாத தொண்டை. "உங்க அக்கா இந்தி படிச்சிக்கினு இருக்காங்கதானே?" என்றான் என்னிடம். மொத்த ஊர்வலமும் "இந்தி ஒழிக" என்று கத்திக்கொண்டே சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

அக்காவுக்குப் பம்பாய் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அதனால்தான் அந்தப் படிப்பு.

"எரிக்கிறதுக்கு ஒரு புக்கு வேணும்க்கா" என்றான் தலைவன், பணிவாக.

உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தாள். "இதை எடுத்துண்டு போங்கோ. இதுல நான் பாஸ் பண்ணியாச்சு. அடுத்த பரீட்சைப் புஸ்தகத்துக்கு மட்டும் வந்துடாதீங்கோ."

நன்றி சொல்லிவிட்டு மறுபடி ஒழிக போட்டோம்.

புத்தகம் எரியவில்லை. நல்ல கனமான காகிதம். ஓரம் கருகியதோடு சரி. அதற்குள் போலீஸ் தடியோடு வந்துவிட்டது. நான் ஒரு ஜவுளிக்கடைக்குள் புகுந்து, கல்யாணப் புடவை பார்க்க வந்தவன்போல உட்கார்ந்துகொண்டேன். தலைவன் ஓடவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனை அடித்த போலீஸ்காரரையே அவனுக்குக் காவல் வைத்திருந்தார்கள். தெற்கே அமைதி திரும்பிவிட்டதாக வார்டு ரேடியோவில் தில்லிச் செய்தி ஓடியது. மண்டை உடைந்த ஒருவன் பக்கத்துக் கட்டிலில் முனகியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, எங்கள அடிக்கச் சொல்லி ஆர்டர் இந்தியிலயா வந்துச்சி?" என்றான் தலைவன்.

"இங்கிலீசுலதான் வந்திருக்கும்பா. எனக்கு அதுவும் தெரியாது. ஏட்டு கையக் காட்டினாரு, அடிச்சேன். ரொம்ப வலிக்குதா?"

"அடிச்சிட்டு கேட்டுக்கினு இருக்கறீங்களே."

போலீஸ்காரர் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். அவனால் கிளாஸைப் பிடிக்க முடியாததால் அவரே பிடித்துக் குடிக்கவைத்தார்.

பிறகு தில்லி இறங்கி வந்து, இங்கிலீஷ் நீடிக்கும் என்று உறுதி சொன்னது. தமிழ் வென்றுவிட்டதென்று நாங்கள் கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தோம். தலைவனின் விரல்கள் நேராகவில்லை. அந்த வருஷப் பரீட்சையை இடது கையால் எழுதினான். எல்லாப் பாடத்திலும் தேறினான், இங்கிலீஷைத் தவிர.