மேஸ்திரியின் கை

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே பஸ் டயர் பஞ்சர். மாற்றும் வரை பக்கத்து மைதானத்தில் கால்பந்தாட்டம் பார்க்கிறேன். இரண்டு கம்பெனி அணிகள், வெறுங்கால் ஆட்டம், இன்னும் கோல் விழவில்லை.

நீலச் சட்டை அணியின் நடுவில் ஒரு தொப்பைக்காரர். ஓடுவதே இல்லை. பந்து வந்ததும் ஒரு கையைத் தூக்குகிறார், அந்தப் பக்கம் பந்தைத் தள்ளுகிறார்.

"இவரை ஏன் சேர்த்தார்கள்?" என்கிறேன், சைக்கிளில் சாய்ந்து நிற்பவரிடம்.

"எங்க மேஸ்திரி சார் அவரு. பட்டறை இரைச்சல்ல பேச்சு கேக்காது, கையாலதான் வேலை வாங்குவாரு. ஓடறதுக்கு மத்தவனுங்க கீறானுங்க. எங்க ஓடணும்னு சொல்ல ஒர்த்தர் வேணும்ல?"

"எதிராளிக்கும் அந்தக் கை தெரிகிறதே!"

உண்மைதான். எதிரணிச் சிவப்புச் சட்டைகள் இப்போது கை உயர்ந்ததுமே அந்தப் பக்கம் பாய்கிறார்கள்.

சைக்கிள்காரர் சிரிக்கிறார். "தெரியட்டும்னுதான் சார் இம்மா நேரம் தூக்கிகினு கீறாரு."

மேஸ்திரி இடக்கையைத் தூக்குகிறார். சிவப்புச் சட்டைகள் மொத்தமும் இடப்பக்கம் ஓடுகிறார்கள். பந்து வலப்பக்கம் போகிறது. அங்கே தனியாக நிற்கும் நீலச் சட்டை நிதானமாக கோல் போடுகிறான்.

மைதானம் கத்துகிறது. மேஸ்திரியின் கை மட்டும் இன்னும் இடப்பக்கமே காட்டிக்கொண்டிருக்கிறது.