மைனஸ் ஒன்பது

குழிக்கு அருகில் வந்ததும் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு காலை ஊன்றுகிறார். இறங்குவதில்லை. உட்கார்ந்தபடியே அளவுக் குச்சியைக் குழிக்குள் விட்டு ஆழம் பார்க்கிறார். பிறகு நீளக் கம்பின் நுனியில் கட்டிய பிரஷ்ஷைக் காலடி டின்னில் முக்கி, குழியைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் போடுகிறார். பக்கத்தில் சென்டிமீட்டர் கணக்கு: 6. அடுத்த குழிக்கு 11. பின்னால் டேங்கர் லாரி ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்குகிறார். "இருப்பா. எல்லாம் உன் இடுப்புக்காகத்தான்."

அடையாள அட்டையில் சாலை ஆய்வாளர். எண்ணெய்க் கிடங்கிலிருந்து நெடுஞ்சாலை வரை பதினெட்டு கிலோமீட்டர் அவர் பொறுப்பு. அந்த வட்டாரத்து வண்டிகள் குடிக்கும் பெட்ரோலும் டீசலும் முழுக்க இந்தப் பதினெட்டு கிலோமீட்டரில் குலுங்கித்தான் வெளியே போகின்றன. லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வட்டம்'. "பொருத்தமான பேருதான். இருபத்திரண்டு வருஷமா சுத்துறேன், எங்கயும் போய்ச் சேரலையே" என்பார்.

அவர் ஸ்கூட்டரில் எப்போதும் பெட்ரோல் இருக்காது. முள் படுத்தே கிடக்கும். நாளைக்குப் போடலாம் என்பது அவர் கொள்கை. "எண்ணெய்க் கிடங்கு ரோட்டுல வண்டியத் தள்ளிட்டுப் போற ஒரே அதிகாரி நான்தான். டேங்கர் டிரைவரெல்லாம் எனக்குத்தான் முதல்ல வணக்கம் சொல்லுவான், சிரிச்சுக்கிட்டே." செருப்பிலும் சட்டைப் பையிலும் காதோர முடியிலும் வெள்ளைப் புள்ளிகள். எது நரை, எது பெயிண்ட் என்று மனைவி கேட்பதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன.

வட்டம் போடுவது இவர். அடைப்பது தார் போடும் ஏழு பேர். அவர்களுக்கு மேஸ்திரி ஒரு பெண். வட்டம் இல்லாத குழி ஒன்றை ஒருமுறை இரக்கப்பட்டு அடைத்துவிட்டு, அதற்கு விளக்கக் கடிதம் எழுதியவர். அன்றிலிருந்து அவர் கண்ணுக்குச் சாலை தெரிவதில்லை, வட்டம்தான் தெரிகிறது.

போன மாதம் ஒரு தூறல் காலை. கிடங்கு வாசலில் கறுப்பாக ஏதோ பளபளத்தது. நிறுத்தினால் ஸ்கூட்டர் மறுபடி கிளம்பாது என்ற நிலை. குச்சியை விட்டு ஆழம் பார்க்காமல், ஓட்டத்திலேயே வட்டம் போட்டார். இருபத்திரண்டு வருடக் கண் ஆயிற்றே என்று 9 எழுதினார். அது குழியே இல்லை. டேங்கரிலிருந்து ஒழுகிய டீசல், சமதரையில். இரவு மழை அதைக் கழுவிவிட்டது.

மறுநாள் வட்டம் இருந்தது, எண் இருந்தது, குழியைத்தான் காணோம். தார்க் கலவையைக் கொட்டி அழுத்தினார்கள். அமுங்கியது. ஒன்பது ஆயிற்றே என்று மேலும் நாலு சட்டி கொட்டினார்கள். மூன்றாம் நாள் அந்த மேட்டில் ஏறிய டேங்கரின் அச்சு முறிந்து வாசலை அடைத்துக்கொண்டது. மாலைக்குள் பாதி பெட்ரோல் பங்க்குகளில் 'ஸ்டாக் இல்லை' பலகை.

"குழி இல்லாத இடத்துல கொட்டினியா தங்கச்சி?"

"நீங்க ஒம்பதுன்னு எழுதியிருந்தீங்கண்ணே. நானும் தேடிப் பார்த்தேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணேன். வண்டியத் தள்ளிட்டு இருக்கேன், அப்புறம் பேசுன்னு வெச்சுட்டீங்க."

அவருக்கே சிரிப்பு வந்தது. மேஸ்திரிக்கு வரவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய எஞ்சினியர் பார்க்க வர்றாராம். வட்டம் இல்லாம நாங்களாக் கொட்டினதுன்னா ஏழு பேரையும் நிறுத்திடுவாங்களாம்."

வட்டமும் எண்ணும் தாருக்கு அடியில் போய்விட்டன. 'அங்கே நான் குறியிடவில்லை' என்று ஒரு வரி எழுதினால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஊரெல்லாம் 'நான் ஒரு வெத்துவேட்டு'ன்னு நீங்களே சொல்லிட்டுத் திரியிறீங்க" என்றார் மனைவி. "தப்பு என்னோடதுன்னு ஒரு தடவை எழுதுறதுக்கு என்ன?"

"அது பேச்சும்மா. இதுல கையெழுத்து போடணும்."

தாள் வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிடங்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, இறங்கினார். எதிரே நின்றிருந்த தார்க் குழு நெருங்கி வந்தது. குச்சியை மேட்டின் பக்கத்தில் நட்டுக் குனிந்து உயரத்தை அளந்தார். மேட்டைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து, 9 எழுதினார்: −9.

பின்னால் ஒரு டேங்கர் ஹாரன் அடித்தது. கையைத் தூக்கவில்லை. பிரஷ்ஷை மறுபடி டின்னில் முக்கி, எண்ணுக்குக் கீழே, காரில் வருகிறவருக்கும் தெரிகிற அளவில், தன் கையெழுத்தைப் போட்டார்.