கம்பிக்குப் போகிற கை

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், ஆரணியிலிருந்து பஸ் ஏறி ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்வந்தேன். மார்பில் கட்டி உள்ளவர்களை ஆபரேஷனுக்குத் தயார் செய்வது என் பொறுப்பு. கட்டி கைக்குத் தட்டுப்படாத அளவு சின்னதாக இருந்தால், டாக்டர் ஸ்கேனில் பார்த்தபடி மரத்துப்போக ஊசி போட்டு, முடி போன்ற கம்பி ஒன்றை அதற்குள் செருகிவிடுவார். கத்தி வைக்கும் இடத்தை அதுதான் காட்டும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது நகர்ந்தால் எல்லாம் வீண்.

அன்று வந்தவர் முள்ளிப்பட்டு ஊரில் தறி நெய்கிற அக்கா. கம்பியின்மேல் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டி, நாற்காலியில் உட்கார வைத்தேன். பட்டில் ஓர் இழை தூக்கி நின்றால் கிள்ளி எடுத்தே பழகிய கை அது. அவரைக் கேட்காமலேயே மார்புக்குப் போனது. தட்டிவிட்டேன். மறுபடியும் போனது.

"வேணும்னு இல்லீங்க சிஸ்டர், கை தானா போவுது."

அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். உடனே கூப்பிடுகிறோம் என்ற தியேட்டரிலிருந்து சத்தமே இல்லை. ஜன்னல் இல்லாத அறை. என் மூக்கு அரித்தது, சொறிய வழியில்லை. எரிச்சல் தலைக்கேறியது.

அக்கா என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சட்டையில நூல் ஒண்ணு நீட்டிகினு இருக்குது. எடுத்துடுங்க, பாக்க முடியல."

திரும்பிப் பார்த்தேன். தையல் பிரிந்த வெள்ளை நூல். நானும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். பார்த்த பிறகு எனக்கும் பொறுக்கவில்லை.

"கைய விட்டாதானேக்கா எடுக்கறது?"

அவர் விரல்கள் என் கைக்குள் இறுகின.

"அப்ப வுடாதீங்க" என்றார்.